எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்பது கணக்கு அல்ல



சென்ற ஆண்டு நம் பாலர் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அழைத்துச் சென்றோம். "30 பிள்ளைகள் பயன் பெற்றனர்" என்று அறிக்கையில் எழுதினேன். உண்மையில், ஒவ்வொரு வீடாகச் சுற்றிக் காட்டியதில் பாதிப் பிள்ளைகள் தோளிலேயே தூங்கிவிட்டார்கள். மண் பிசையும் இடத்தில், நேரமாகிவிட்டதென்று பெரியவர்களே பொம்மை செய்து பிள்ளைகள் கையில் கொடுத்தோம். குறை நம்முடையது. உங்கள் நன்கொடை அமானத். செலவை மட்டுமல்ல, அதனால் விளைந்ததையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1996ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் உண்டு, சிக்மகளூர் முஸ்லிம் வீடும் உண்டு. திண்ணையில் உட்காரலாம், கைவினைகளைச் செய்து பார்க்கலாம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்தான். நம் திட்டம்தான் தவறியது.

"எழுத்துப் படிக்க வேண்டிய வயதில் மண் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். மண் பிசையும் விரல்தான் நாளை பென்சிலை உறுதியாகப் பிடிக்கும். 1939ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் கை வழியாகவே குழந்தை கற்கிறது என்பதைத்தான் வலியுறுத்தினார். ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் அத்தாமார்களுக்கு இது புதிதல்ல. கை பழகாமல் எந்த வேலையும் வராது.

இம்முறை திட்டம் இதுதான்:

ஒரே வீடு, ஒரே கைவேலை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் செல்லும் பயணமே பிள்ளைகளைக் களைப்பாக்கும். எனவே இறங்கியதும் சிற்றுண்டி, ஓய்வு, பிறகுதான் வேலை. செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை என்பதால் அந்நாளைத் தவிர்ப்போம். முந்தைய வாரமே வகுப்பில் களிமண்ணைத் தொட்டுப் பழக்குவோம்.

பயனை அளக்க மூன்று கேள்விகள் போதும். பிள்ளை தன் கையாலேயே செய்ததா? செய்யும்போது என்ன சொன்னது? ஒரு வாரம் கழித்து வீட்டில் அதைப் பற்றிப் பேசியதா, மறுபடி செய்யக் கேட்டதா? முதல் இரண்டையும் உடன் வரும் பெரியவர் அங்கேயே குறித்துக்கொள்வார். மூன்றாவதைத் தாய்மார்களிடம் கேட்போம். பொம்மை அழகாக இருக்கிறதா என்று யாரும் மதிப்பெண் போட வேண்டாம். கோணலாக இருந்தாலும் அது பிள்ளையின் வேலை.

தனக்கு மண் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் அப்படியே எழுதுவோம். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த வரிதான் காட்டும்.

உடன் வர ஆறு பேர் தேவை. இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள் சிரமப்பட வேண்டாம். ஓய்வு நாள் உள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த அறிக்கையில் தலைக்கணக்கோடு பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளும் இருக்கும்.

வஸ்ஸலாம்,
செயலாளர்