பட்டு லேசில் எரியாது, பாலியஸ்டர் லேசில் நனையாது: ரெண்டும் ஒண்ணா சேருமா?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்கப் போனவர்களுக்கு இந்த சோதனை பழக்கம்தான். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி தீக்குச்சியில் காட்டுவார்கள். அசல் பட்டு என்றால் முடி கருகுற வாடை வரும், தீயை விலக்கினால் அணைந்துவிடும், மிச்சம் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகி, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் கதை அப்படியே தலைகீழ். பட்டு சும்மா இருக்கும்போதே காற்றிலிருந்து தன் எடையில் 11% வரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு இது வெறும் 0.4%.

தீக்கும் அசராத, தண்ணீருக்கும் அசராத ஒரு பொருள் வேண்டும் என்பதுதான் இன்று பிளாஸ்டிக் காம்போசிட் செய்பவர்களின் தலைவலி. காம்போசிட் என்றால் பெரிய மர்மம் இல்லை: பிளாஸ்டிக்கோடு கண்ணாடி இழை, மரத்தூள், கனிமப் பொடி என்று எதையாவது சேர்த்துச் செய்வது. பாத்ரூம் கதவு, எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி பெட்டி எல்லாம் இந்த வகையில் வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பெரிய வாகனத் தொழில் வட்டாரம் இருப்பதால், இது எங்கேயோ நடக்கிற ஆராய்ச்சி இல்லை. 2022-ல் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து தீப்பிடித்த பிறகுதான் பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதிகள் இறுக்கப்பட்டன.

பிளாஸ்டிக் எரிவது எப்படி? சூட்டில் அது சிதைந்து வாயு விடுகிறது. அந்த வாயுதான் எரிகிறது. தடுக்க ரொம்ப காலமாகப் பயன்படும் பொருள் அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடி. சுமார் 200 டிகிரி செல்சியஸில் இது உடைந்து, தன் எடையில் 35% அளவுக்கு நீராவியை வெளியே விடும். சூட்டையும் இழுத்துக்கொள்ளும், வாயுவையும் நீர்த்துப்போகச் செய்யும். சிக்கல் என்னவென்றால், சரியாக வேலை செய்ய மொத்த எடையில் 60% வரைகூட பொடியே போடவேண்டி வரும். பிளாஸ்டிக் கனத்துப்போய், சட்டென்று உடையும்.

குறைவாகப் போட்டாலே போதும் என்கிற ரகமும் உண்டு. அம்மோனியம் பாலிபாஸ்பேட், சூடு பட்டதும் உப்பி, கரியாகி மேலே ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குத் தண்ணீர் ஆகாது. மழையிலும் ஈரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வந்துவிடும். நாலு மழைக்காலம் போனால், மேலே பார்க்க புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே தீத்தடுப்பு குறைந்திருக்கும். ஏமாற்றுவதே இதுதான்.

இதற்கான வழி, பொடிக்கு சட்டை போடுவது. ஒவ்வொரு துகளுக்கும் மெலமைன் பிசினாலோ சிலிக்கோனாலோ மெல்லிய ஓடு போட்டு மூடுகிறார்கள். கண்ணாடி இழைக்கு சிலேன் பூசுகிறார்கள்; அது ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும். பிடி தளர்ந்தால் இழை ஓரமாகவே தண்ணீர் உள்ளே ஏறிவிடும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. மரத்தூள் கலந்த கதவை இழைத்து அறுத்தால், அறுத்த இடத்தை சீல் பண்ணச் சொல்வதும் இதனால்தான்.

பிவிசி தப்பிக்காதா என்று கேட்கலாம். அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சுலபத்தில் பற்றாது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது. ஆனால் எரிகிற தீயில் மாட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கக்கும். அறைக்குள் சிக்கியவருக்கு தீயைவிட புகைதான் முதல் எமன்.

இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு லண்டன் கிரென்ஃபெல் டவர் உதாரணம். மழைக்கும் அழகுக்கும் பொருத்திய அலுமினிய காம்போசிட் பலகைகளின் நடுவே இருந்தது பாலிஎத்திலீன். 2017 ஜூன் 14 தீயில் 72 பேர் இறந்தார்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? 'யூஎல் 94 வி-0' என்றால், நிற்க வைத்த துண்டில் 10 விநாடி வீதம் இரண்டு முறை தீ காட்டியும் ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் அணைந்தது, எரியும் சொட்டு விழவில்லை என்று அர்த்தம். 'ஐபி67' என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் பெட்டி. இரண்டும் தனித்தனி சோதனை. நனைந்த பிறகு எரித்தால் என்ன ஆகும் என்று இரண்டுமே சொல்லாது. அதைச் சொல்வது 'எஃப்1' குறி. 70 டிகிரி தண்ணீரில் 7 நாள் ஊறப்போட்டு, புற ஊதா வெளிச்சமும் காட்டி, அதன் பிறகு மறுபடி தீ வைத்துப் பார்த்த பிளாஸ்டிக்குக்கே அது கிடைக்கும்.