விசில் ஊத ஆளில்லை
பாய்மரப் படகுப் போட்டியில் கொடியும் கடிகாரமும்தான் அதிகாரம் செலுத்துகின்றன. மற்றதைப் போட்டியாளரின் மனசாட்சி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும், நங்கூரமிட்டு நிற்கும் படகு ஒன்றின் கம்பத்தில் கொடி ஏறுகிறது. கூடவே ஒரு ஊதல். சுற்றிலும் பாய் படபடக்க அலைந்துகொண்டிருக்கும் சிறு படகுகளில் எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் கடிகாரத்துக்குப் போகின்றன. இன்னும் 5 நிமிடம். அதற்குள் ஒவ்வொருவரும், எந்தப் படகும் பிரேக் போட்டு நிற்க முடியாத தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் விளிம்பில் தன் படகைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். ஒரு அடி முன்னே போனாலும் குற்றம்.

டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகுகளுக்கான ரெகாட்டாவின் தொடக்கம் இது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைப் பாய்கள் அங்குமிங்கும் திரிவது மட்டுமே தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் நடப்பது, உலகம் முழுவதும் ஒரே புத்தகத்தைப் பார்த்து நடத்தப்படும் கறாரான விளையாட்டு. சர்வதேச அமைப்பான வேர்ல்டு செயிலிங் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் விதிநூல் அது. இப்போதைய பதிப்பு 2025 ஜனவரி 1 முதல் 2028 வரை செல்லும்.

தமிழர்களுக்கு இது தூரத்து விளையாட்டு அல்ல. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷனும் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இயங்குகின்றன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு செலுத்திய நால்வருமே தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள்: நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. 2009இல் சென்னையில் நடந்த ஒரு கோடைப் பயிற்சி முகாமில்தான் அவர் முதலில் படகேறினார்.

டிங்கி என்பது ஒருவரோ இருவரோ செலுத்தும் திறந்த படகு. சிறுவர்கள் ஏறும் 'ஆப்டிமிஸ்ட்' 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. 15 வயதுவரைதான் அதில் போட்டியிடலாம். அடுத்தது, முன்பு லேசர் என்றும் இப்போது ஐ.எல்.சி.ஏ. என்றும் அழைக்கப்படும் 4.23 மீட்டர் படகு. கனமான அடிக்கட்டை இல்லாததால் இவை கவிழும். கவிழ்ந்ததை நிமிர்த்தி ஏறிக்கொள்வது பயிற்சியின் முதல் பாடம்.

ரெகாட்டா கரையில் காகிதத்தில் ஆரம்பமாகிறது. முதலில் போட்டி அறிவிப்பு: யார் வரலாம், எந்த வகைப் படகு, எத்தனை பந்தயம், என்ன கட்டணம். அடுத்தது பந்தயக் குறிப்பேடு: மிதவைகளின் வரிசை, கொடிகள், நேர வரம்பு, புகார் தரும் கெடு. இதை நடத்த இரண்டு குழுக்கள் உண்டு. பந்தயத்தை நடத்துவது பந்தயக் குழு. தகராறுகளைத் தீர்ப்பது புகார்க் குழு. பந்தயம் நடத்துபவரின் தவறையே எதிர்த்து ஒருவர் முறையிடலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே வைக்கிறார்கள்.

கடலில் முதல் வேலை காற்றை அளப்பது. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. சுமார் 45 டிகிரி சாய்ந்து, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏறும். எனவே முதல் மிதவையைக் காற்று வரும் திசையில் வைத்து, தொடக்கக் கோட்டை அதற்குக் குறுக்கே போட வேண்டும். கோடு என்பது பந்தயக் குழுவின் படகுக்கும் மறுமுனை மிதவைக்கும் இடையே உள்ள வெறும் கற்பனை. 40 லேசர் படகுகளை முன்னும் பின்னுமாக வரிசையாக நிறுத்தினால் 170 மீட்டர் வரும். கோடு அதைவிடக் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை நீளமாக, அதாவது 210 முதல் 255 மீட்டர்வரை இருப்பது வழக்கம். குறுகினால் மோதல். கோணம் சற்றுத் தப்பினாலும் எல்லாப் படகுகளும் சாதகமான முனைக்கே முண்டியடிக்கும். கோடு போட்ட பிறகு காற்று திரும்பினால் எல்லாம் முதலிலிருந்து.

இனி கொடிகளின் ராஜ்யம். 5 நிமிடம் இருக்கையில் வகுப்புக் கொடி ஏறும். 4 நிமிடத்தில், நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட ஆயத்தக் கொடி. ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும். கடைசியில் வகுப்புக் கொடி இறங்கினால் பந்தயம் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒலி உண்டு. ஆனால் ஊதல் மக்கர் செய்தாலும் கவலையில்லை. கண்ணால் காணும் கொடியே சட்டம்.

ஒருசில படகுகள் முந்திவிட்டால் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி ஏறும். முந்தியவர் திரும்பிவந்து மறுபடி தொடங்க வேண்டும். யார் முந்தியது என்று குழுவுக்கே தெரியாத அளவுக்குக் கூட்டம் பாய்ந்தால், அனைவரையும் திரும்ப அழைப்பார்கள். அதற்கும் அடங்காத கூட்டத்துக்குக் கறுப்புக் கொடி இருக்கிறது. அது பறக்கும்போது கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடைப்பட்ட பகுதிக்குள் நுழைந்தவருக்கு விசாரணையே கிடையாது. பந்தயம் மறுபடி தொடங்கினாலும் அவர் வெளியேதான்.

தொடக்கம் முடிந்ததும் குழுவின் கை பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. பந்தயக் களம் பரந்து கிடக்கிறது. ஒவ்வொரு படகின் பின்னாலும் நடுவர் ஓட முடியாது. வழிவிடும் விதிகள் எளியவை. வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கமிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் போனால், காற்று வரும் பக்கம் இருப்பது விலக வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதை இடிக்கக் கூடாது. மிதவையைச் சுற்றும் நெரிசலுக்குத் தனி விதி உண்டு. படகின் நீளத்தைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள் நுழையும்போது உட்பக்கம் இருக்கும் படகுக்கு இடம் தர வேண்டும்.

இவற்றை மீறியவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது. அவரே தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்திலிருந்து விலகி, படகை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர வேண்டும். மிதவையை உரசினால் ஒரு சுற்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் இதுதான் விதி. தவறு செய்தவர் உடனே தண்டனையை ஏற்பது விளையாட்டு நெறியின் அடிப்படை என்று விதிநூல் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. உடலை ஆட்டியோ பாயை விசிறிபோல் வீசியோ வேகம் கூட்டுவதைப் பிடிக்க மட்டும் பெரிய போட்டிகளில் நடுவர்கள் மோட்டார் படகில் சுற்றுவார்கள். அவர்கள் மஞ்சள் கொடி காட்டினால் தண்டனை நிச்சயம்.

செய்தவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், பாதிக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே 'புரொட்டஸ்ட்' என்று கத்த வேண்டும். அங்கே வாய் மூடியிருந்துவிட்டுக் கரையில் வந்து புலம்பினால் எடுபடாது. கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தால் மாலையில் விசாரணை. இரு தரப்பும், சாட்சிகளும், மேஜைமேல் நகர்த்திக் காட்டச் சிறு பொம்மைப் படகுகளும் இருக்கும். பத்து வயதுப் பிள்ளையும் தன் வழக்கைத் தானே வாதாட வேண்டியிருக்கும்.

புள்ளிக் கணக்கு தலைகீழ். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்தவரே வெற்றியாளர். முடிக்காதவருக்கும் தகுதி இழந்தவருக்கும் மொத்தப் போட்டியாளர் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய புள்ளி. ஒரு நாளின் துரதிர்ஷ்டம் முழுப் போட்டியையும் விழுங்கிவிடாதிருக்க, மோசமான ஒரு பந்தயத்தைக் கழித்துவிடுவது வழக்கம். 2023 ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ. 4 பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், 11 பந்தயங்களில் 32 புள்ளிகள் எடுத்தார். மோசமான ஒரு பந்தயத்தின் 5 புள்ளி கழிய, கணக்கில் வந்தது 27. போபாலின் ஏரியில் பயின்றவர் அவர். கடல் இல்லாத மாநிலத்தின் பிள்ளையும் இந்தக் கணக்கில் ஜெயிக்கலாம்.

நேத்ராவின் ஒலிம்பிக் வாய்ப்பும் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் உறுதியானது. 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில், கடைசிப் பந்தயம் பாக்கி இருக்கும்போதே அடுத்து நின்ற ரம்யா சரவணனைவிட அவர் 21 புள்ளி முன்னணியில் இருந்தார். அந்த இடைவெளியை ஒரே பந்தயத்தில் நிரப்ப முடியாது என்பதால், படகை இறக்குவதற்கு முன்பே இடம் அவருடையதாகிவிட்டது.

புள்ளியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விதிநூலின் முதல் விதி வெற்றியைப் பற்றியதல்ல. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது அது. 1988 செப்டம்பர் 24 அன்று சோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த பூசான் கடலில் பலத்த காற்று. ஃபின் பிரிவில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, வேறொரு பந்தயத்தில் கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்கள் இருவரைக் கண்டு படகைத் திருப்பினார். அவர்களைக் காப்பாற்றி ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பல படகுகள் அவரைத் தாண்டிவிட்டன. நடுவர் குழு அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. மொத்தத்தில் பதக்கம் வரவில்லை. விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ கூபர்தான் பதக்கம் வந்தது.

எல்லா நேரமும் லெமியூ பக்கத்தில் இருக்கமாட்டார். எனவே மீட்புப் படகுகள் வேண்டும். அவற்றில் நீந்தத் தெரிந்த, கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரிந்த ஆட்கள் வேண்டும். மஞ்சளும் சிவப்பும் சாய்கோடுகளாக உள்ள கொடி ஏறினால் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்ற முடிவு போட்டியாளருடையது மட்டுமே என்கிறது விதி. அது பெரியவர்களுக்குச் சரி. ஆப்டிமிஸ்டில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் விஷயத்தில் எந்த அமைப்பாளரும் அந்த வரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. வாடைக்காற்று வலுத்து அலை உயரும்போது, பெற்றோரும் பயிற்சியாளரும் முணுமுணுத்தாலும், சிவப்பும் வெள்ளையுமான ஒத்திவைப்புக் கொடியை ஏற்றுவது பந்தய அதிகாரியின் கடமை. காற்று பற்றாவிட்டாலும் அதேதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது மார்செய் கடலில் காற்றுக்காக உலகச் சாம்பியன்களே காத்துக் கிடந்தார்கள்.

கடைசிப் படகு முடிவுக் கோட்டைக் கடந்ததும் பந்தயம் முடிந்துவிட்டதாகப் பார்வையாளர் நினைக்கலாம். அமைப்பாளருக்கு அப்போதுதான் முக்கியமான கணக்கு ஆரம்பம். காலையில் கடலில் இறங்கும்போது கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் கரையேறியதும் மறுபடி கையெழுத்திட வேண்டும். பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தாலும் மீட்புப் படகு மறுபடி கிளம்பும். பட்டியல் முழுதாக நிரம்பிய பிறகே குழுவின் படகு நங்கூரத்தைத் தூக்குகிறது. யார் முதலிடம் என்ற கேள்வி அதற்குப் பிறகு.