பல் போனால் சொல் போகணுமா பாஸ்?

ஓசூர் சிப்காட் ரோட்டுல பைக்கில் பறக்கிற பார்ட்டியா நீங்க? ஒரே ஒரு ஸ்லிப்... முன்பல் அவுட்! உடனே, 'பெங்களூர் போய் இம்ப்ளான்ட் வெச்சுக்கடா மச்சி'ன்னு ஃப்ரெண்ட்ஸ் ஐடியா தருவாங்க. அது என்ன சமாசாரம்?

பல்வேர் இருந்த இடத்தில், தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகு. அதன் மேல் செயற்கைப் பல். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை 1952-ல் கவனித்தவர் ஸ்வீடன் டாக்டர் பிரானெமார்க். 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வாங்க, பயம் வேணாம். ஆனா, எலும்பு ஒட்ட 3 முதல் 6 மாசம் வரை ஆகலாம். தம் அடிக்கிறவங்களுக்கு ஃபெயிலாகிற சான்ஸ் அதிகம். 'பிரிட்ஜ்' கட்டினா பக்கத்துப் பல்லையும் தேய்க்கணும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாத்துக்கும் இதுதான் மருந்தா? இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரியில் பல இடங்களில் நிலத்தடித் தண்ணியில் ஃப்ளோரைடு ஜாஸ்தி. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். அந்தப் பழுப்புக் கறைக்காக நல்ல பல்லைப் பிடுங்கிடாதீங்க! ப்ளீச்சிங், வெனீர்னு வேற வழி இருக்கு.

அடிபட்டு விழுந்த பல்லையும் தூக்கி எறியாதீங்க. வேரைத் தொடாம எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட ஓடுங்க. திரும்ப ஒட்டிக்கிட்டா, திருகே தேவைப்படாது. சொந்தப் பல்லுக்கு ஈடு ஏது? முகம் முழுக்க மூடுற ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க!