மின்வண்டியும் அதன் உணவும்

சென்னைத் தெருக்களில் மின்சாரத்தால் வண்டி ஓடுதல் புதிதன்று. 1895-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டிகள் 1953-ஆம் ஆண்டில் நின்றன. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வியாசர்பாடிப் பணிமனையினின்றும் 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. இதற்கு முன்னரே தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-இல் மின்வண்டிக் கொள்கையொன்றை வெளியிட்டு, 2023-இல் அதனைத் திருத்தியமைத்தது. 50,000 கோடி ரூபாய் முதலீடும், 1,50,000 பேருக்கு வேலையும் அதன் குறிக்கோள்கள். மின்வண்டி வாங்குவோருக்குச் சாலை வரி விலக்கும் அளிக்கப்பட்டது.

நிற்க. மின்வண்டி புகை கக்குவதில்லை என்பது மெய்யே. ஆயின், அஃது உண்ணும் மின்சாரம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஆராயாமல் அதனைத் தூயதென்று புகழ்தல் பொருந்தாது. நிலக்கரியை எரித்துப் பெற்ற மின்சாரத்தால் பேருந்து இரவில் ஊட்டம் பெறுமாயின், அண்ணாசாலையில் எழாத புகை எண்ணூரையடுத்த அனல்மின் நிலையத்தில் எழும். அங்கிருந்து வெளிப்பட்ட சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்திற் படிந்து மீன்பிடிப்போர் பிழைப்பைக் கெடுத்ததை நாம் மறத்தலாகாது. நகரத்தார் நன்கு மூச்சுவிடுதற்குக் கழிமுகத்தார் விலை கொடுத்தல் நீதியாமோ?

இயற்கையோ நம் நாட்டிற்கு உலோபம் செய்யவில்லை. நாகர்கோவிலினின்று திருநெல்வேலி செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிரைநிரையாகச் சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பர். தென்மேற்குப் பருவக்காற்று மலையிடை வெளிகளிற் புகுங்கால் நெருக்குண்டு விரைவு மிகுகின்றது. அவ்விரைவே ஆலைகளைச் சுழற்றுகின்றது. 1986-இல் தூத்துக்குடியையடுத்த முள்ளக்காட்டிற் சிறிய அளவில் தொடங்கிய இம்முயற்சி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடையதாய் வளர்ந்துள்ளது. மழை அரிதான கமுதியிலும் 2016-இல் 648 மெகாவாட் ஆற்றலுள்ள கதிரொளி நிலையம் எழுந்தது.

இடர் யாதெனின், காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை மிக வீசிப் பின் ஓய்ந்துவிடும். கதிரவனோ, வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் மறைந்துவிடுகின்றான். மிகுந்தபோது சேர்த்துக் குறைந்தபோது செலவிட வழி வேண்டும். நீலகிரியிற் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் வகுக்கப்பட்டது இதன் பொருட்டே. மின்சாரம் மிகுந்த வேளையில் அவலாஞ்சி, எமரால்டு அணைநீரை மேலேயுள்ள போர்த்திமந்து நீர்த்தேக்கத்திற்கு ஏற்றுவர். தேவை மிகுந்த வேளையில் அந்நீரையே கீழிறக்கி மின்சாரம் எடுப்பர். ஏற்றச் செலவிட்டதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். எனினும் முற்றும் இழத்தலினும் அது நன்றே.

பேருந்துகள் பகலெல்லாம் ஓடி இரவில் ஓய்வன. ஆதலின் அவற்றிற்குப் பகலூட்டம் எளிதன்று. நம் ஆசிரியரும் மாணவரும் ஏறிவரும் இருசக்கர வண்டிகளோ காலை முதல் மாலை வரை மரத்தடியில் வாளா நிற்கின்றன. கல்லூரிக் கூரைமேற் கதிரொளித் தகடுகளைப் பரப்பி, அவற்றினின்று மின்கம்பியொன்றை அம்மரத்தடிக்குக் கொணர்ந்தால், அவ்வண்டிகளுக்கு நிலக்கரியும் வேண்டுவதில்லை, நீர்த்தேக்கமும் வேண்டுவதில்லை.