அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஆய்வில் வேலை: பரவை மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

அணுகுண்டுகளுக்குக் கடிவாளம் போடும் ஒப்பந்தங்களை ஆராயவென்றே லாப நோக்கமில்லாத அமைப்புகள் இருக்கு. அங்கே வேலையும் இருக்கு, இன்டர்ன்ஷிப்பும் இருக்கு. இதற்கு ராணுவத்தில் சேர வேண்டாம். எல்லா வேலைக்கும் இயற்பியல் பட்டமும் தேவையில்லை.

அப்போ என்னதான் வேலை? பெரும்பாலும் படிப்பதும் எழுதுவதும்தான். வாஷிங்டனில் 1971-ல் தொடங்கிய 'ஆர்ம்ஸ் கன்ட்ரோல் அசோசியேஷன்' இதற்கென்றே ஒரு இதழ் நடத்துகிறது. டெல்லியில் 1996-ல் தொடங்கிய ஐ.பி.சி.எஸ்., பெங்களூருவின் என்.ஐ.ஏ.எஸ். ஆகியவையும் இந்தத் துறையில் ஆய்வு செய்கின்றன.

1974, 1998 என இருமுறை பொக்ரானில் சோதனை நடத்திய இந்தியா, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஏன் என்று தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு உண்டு. பக்கத்து இலங்கையின் ஜயந்த தனபால, 1998-ல் ஐ.நா. ஆயுதக் குறைப்புத் துறைக்கே தலைவரானார்.

எங்கே படிக்கலாம்? டெல்லி ஜே.என்.யு.வில் சர்வதேச அரசியலோடு ஆயுதக் குறைப்பையும் ஆராயும் மையம் இருக்கு. அவ்வளவு தூரம் முடியாதா? பரவை வழியாகப் போகும் திண்டுக்கல் ரோட்டிலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம்; அங்கே அமைதி அறிவியல் படிக்கலாம்.

சிக்கல் பணத்தில்தான். ஐ.நா. தலைமைச் செயலக இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளமே கிடையாது. நியூயார்க் வாடகை நம்ம கைக்காசு. அதனால் ஐ.நா.வின் இலவச ஆன்லைன் வகுப்பை முதலில் முடிங்க. ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று தயாரா வைங்க, பல இடங்களில் அதைத்தான் கேட்பாங்க. விளம்பரத்தில் 'ஸ்டைபண்ட்' உண்டா என்று பார்த்துட்டு விண்ணப்பிங்க.