தாத்தாவுக்கு 60 நாள் விசா, பேரனுக்கு ஒரு தூண்டில்

டிசம்பர் பிறந்துவிட்டால் துபாய், ஷார்ஜா விமான நிலையங்களில் ஒரு கூட்டத்தைத் தவறாமல் பார்க்கலாம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே முறுக்கும் கருவாடும் வடகமும், நடுக்கத்துக்கு முன்னேற்பாடாக ஒரு சால்வை. நம்ம தாத்தா பாட்டிகள்தான். 30 நாள் விசிட் விசா, கொஞ்சம் வசதி இருந்தால் 60 நாள்.

முதல் வாரம் புர்ஜ் கலீஃபா, குளோபல் வில்லேஜ், ரெண்டு மூணு மால். அத்தோடு ஊர் சுற்றல் முடிந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து மகனும் மருமகளும் ஆபீஸுக்கு, பேரப்பிள்ளை லீவில் ஐபேடோடு சோபாவுக்கு, தாத்தா பதினான்காவது மாடி பால்கனிக்கு. "சாப்பிட்டியாப்பா?" "ம்ம்." தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் இதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. பையனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. தாத்தாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், பேசக் கூச்சம். இப்படியே 60 நாளும் போய்விடும்.

என் யோசனை ஒன்றுதான். அந்த 60 நாளில் நாலே நாள் காலை இருவரையும் தண்ணீர் ஓரமாகக் கொண்டுபோய் விடுங்கள், கையில் ஒரு தூண்டிலோடு.

எங்கள் கட்டிடத்தில் மயிலாடுதுறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். இந்த ஊருக்கு அவர் புதியவர் அல்ல. 1979-ல் பம்பாயிலிருந்து 'துவாரகா' கப்பலில் வந்தவர். வளைகுடா ஓட்டத்தில் கடைசிவரை இருந்த அந்தப் பயணிகள் கப்பல் 1982-ல் நின்றுபோனது. இருபது வருஷத்துக்கு மேல் தேராவில் வேலை பார்த்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் மகன் ஒரு அடி வளர்ந்திருப்பானாம். ஒரு லீவில் 'யாரும்மா இவரு?' என்று அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டானாம். அந்த மகன்தான் இப்போது இங்கே இன்ஜினியர்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்க அப்பாரு எனக்கு வாய்க்கால்ல தூண்டில் போடக் கத்துக் குடுத்தாரு தம்பி. எம்புள்ளைக்கு நான் கத்துக் குடுக்கல. நான் இங்க இருந்தேன், அவன் அங்க இருந்தான். இப்ப பேரன் இங்க இருக்கான், நானும் இங்க இருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

முதல் தலைமுறை வளைகுடாக்காரர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான். காசு அனுப்பினார்கள், கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பினார்கள், தங்கள் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தை மட்டும் பார்க்கவில்லை. பேரப்பிள்ளையின் பருவமாவது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதை பால்கனியில் உட்கார்ந்து கழிக்க வேண்டுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் தாத்தா பேரனை ஏரிக்குக் கூட்டிப்போய் ட்ரவுட் மீன் பிடிக்கப் பழக்குவது கிட்டத்தட்ட ஒரு குடும்பச் சடங்கு. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். நம்ம தமிழ்நாட்டிலேயே அதைக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் படாதபாடு பட்டார்கள். 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். அதற்கப்புறம் நாற்பது வருஷம் கழித்துத்தான் எச்.சி. வில்சன் அதில் ஜெயித்தார். ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் 1907 வாக்கில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. கோடையில் 34 டிகிரியைத் தாண்டும் வளைகுடாக் கடலில் ட்ரவுட்டைத் தேடுவதில் அர்த்தமில்லை. (இந்த ஊரில் எதையும் முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெபல் அலியில் ஒரு பண்ணை, மூடிய கூடத்தில் தண்ணீரைக் குளிரவைத்து அட்லாண்டிக் சால்மனையே வளர்த்து விற்கிறது.)

ஏரி இல்லையே என்று கவலை வேண்டாம். ஷார்ஜாவில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிக்கே 'புஹைரா' என்றுதான் பெயர். அரபியில் அதற்கு ஏரி என்று பொருள். 'பஹ்ர்' என்றால் கடல், 'புஹைரா' குட்டிக் கடல். காலித் லகூன் உண்மையில் கடல் உள்ளே வந்து தேங்கிய காயல். துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நடுவில் இருக்கும் மம்சார் அப்படித்தான், துபாய் கிரீக்கும் அப்படித்தான். அலை கிடையாது, உட்காரக் கல் கட்டை உண்டு. வயசானவரையும் எட்டு வயசுப் பையனையும் பயமில்லாமல் உட்கார வைக்கலாம்.

இப்போது சட்டம். இதை நம் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், கூடாது. தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் தூண்டில் போட முடியாது. குளிக்கும் பீச், படகுத்துறை, பாதுகாக்கப்பட்ட சதுப்புப் பகுதி எல்லாம் தடை. பொழுதுபோக்காகப் பிடிப்பதற்கும் பர்மிட் வேண்டும். அபுதாபியில் 'தம்ம்' செயலி வழியாக எடுக்கலாம். நான் கடைசியாகப் பார்த்தபோது வாரத்துக்கு 30 திர்ஹம், வருஷத்துக்கு 120 திர்ஹம். துபாயில் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற எமிரேட்களில் அந்தந்த ஊர் விதி. கத்தார், குவைத், ஓமானில் இருப்பவர்களும் தங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் வந்த பெரியவருக்கு என்ன பேப்பர் கேட்கிறார்கள், பையனின் வயதுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் வந்திறங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். 60 நாளில் பத்து நாள் பேப்பருக்கே போனால் மனசு கேட்காது. பிடித்ததை விற்பதும் கூடாது. அந்த பர்மிட் வீட்டுச் சட்டிக்கு மட்டும்தான்.

ஒரு ராடும் ரீலும் வாங்க இருநூறு முந்நூறு திர்ஹம் செலவழிக்க வேண்டியதில்லை. கரையோரம் பிலிப்பினோ நண்பர்களைக் கவனியுங்கள். காலித் தண்ணீர் பாட்டிலில் நைலான் நரம்பைச் சுற்றி, ஒரு முள்ளும் ஈயக்குண்டும் கட்டி வீசுகிறார்கள். நம்ம பெரியவருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஊரில் மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் தக்கை, நாக்குப்பூச்சி இரை. கெண்டையும் கெளுத்தியும் அகப்படும், அதிர்ஷ்டம் இருந்தால் விரால். இங்கே மண்புழுவுக்கு எங்கே போவது? சூப்பர் மார்க்கெட் இறால்தான் இரை. "இறாலப் போட்டு மீன் புடிக்கிறோம், எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க" என்றார். வாஸ்தவம்தான், கணக்குப் போட்டால் இறால் விலைதான் அதிகம்.

முதல் நாள் பேரன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் "தாத்தா, எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "அது உன் ஆன்லைன் ஆர்டரா, வரும் நேரத்தைக் காட்ட? பேசாம இரு, தக்கையைப் பாரு." ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கைவிரலகலத்தில் ஒன்று மாட்டியது. பையன் கத்திய கத்தலில் பக்கத்துக் கரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அடுத்த கேள்வி: "இது டெட் ஆயிடுமா தாத்தா?" அவர் கையை ஈரமாக்கிக்கொண்டு முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். "சின்னது. அதோட அம்மா தேடும்." அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்த மீனைப் பற்றித்தான் பேச்சாம். அதுவும் தமிழில், ஏனென்றால் 'தக்கை', 'முள்ளு', 'இரை', 'சுண்டி இழு' இதற்கெல்லாம் பையனுக்கு வேறு மொழியில் சொல் தெரியாது.

வாரக் கடைசித் தமிழ் வகுப்புகளை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனசோடு நடத்துகிறார்கள். ஆனால் புத்தகத்தில் 'மீன்' என்று ஒரு படம்தான் இருக்கும். கடலில் 'மீன்' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். நம் பிள்ளைகளுக்கு அது லூலூ கடைக் கண்ணாடிக்குள் 'ஹமூர் ஃபில்லே'. தலையும் இல்லை, வாலும் இல்லை. ஹமூர்தான் நம்ம களவா. ஷேரி என்பது வெளமீன். கனாத் நம்ம வஞ்சிரம், யாழ்ப்பாணத்தார் அறக்குளா என்பார்கள். சாஃபி என்பது ஓரா. குவைத்காரர்கள் உயிரை விடும் ஜுபைதி நம்ம வவ்வால். ஒரு சனிக்கிழமை காலை தாத்தாவையும் பேரனையும் தேராவில் வாட்டர்ஃபிரன்ட் மார்க்கெட்டுக்கோ அபுதாபி மீனா மார்க்கெட்டுக்கோ கூட்டிப்போங்கள். தாத்தா தமிழ்ப் பெயர் சொல்லட்டும், பையன் பலகையில் எழுதியிருக்கும் அரபுப் பெயரைப் படித்துச் சொல்லட்டும். பள்ளியில் கட்டாயமாகப் படிக்கும் அரபி அவனுக்கு முதல்முறையாகப் பெரியவருக்கு முன்னால் உதவும். இருவருமே வாத்தியார், இருவருமே மாணவர்.

ஓராவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் பெரியவர்களே துடித்துப்போவார்கள். மாட்டினால் பிள்ளை கை வைக்கக் கூடாது, துணி வைத்துப் பிடிக்கத் தெரிந்தவர்தான் கழற்ற வேண்டும்.

சின்ன மீனைத் திருப்பி விடுவது இரக்கத்துக்காக மட்டும் அல்ல. ஹமூருக்குக் குறைந்தது 45 செ.மீ., கனாத்துக்கு 65 செ.மீ. நீளம் இருக்க வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. ஷேரியும் சாஃபியும் முட்டையிடும் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அவற்றைப் பிடிக்கவும் விற்கவும் தடை. வலையில் வந்தாலும் திருப்பி விட வேண்டும். ஹமூரின் கதை இன்னும் விசித்திரம். பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து முட்டையிட்டு, வயசான பிறகுதான் சில ஆணாக மாறும். சின்னதைப் பிடித்தால் முட்டை போச்சு, பெரியதையே தேடித் தேடிப் பிடித்தால் ஆண் போச்சு. விருந்தென்றால் ஹமூர் என்று ஆகிப்போனதில் இந்தக் கடலில் அது அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது.

திருந்தவும் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கர்கூர் என்ற கூண்டுப் பொறி இந்தக் கரையின் பழைய கருவி. முன்பு பேரீச்ச மட்டையில் பின்னினார்கள், பிறகு கம்பியில். அறுந்து கடலடியில் கிடக்கும் கம்பிக் கூண்டு ஆளே இல்லாமல் மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அபுதாபி 2019-ல் அதற்குத் தடை போட்டது. எவ்வளவு மீன் தாங்கக்கூடிய அளவில் பிடிக்கப்படுகிறது என்பதற்கு அபுதாபியின் சூழல் முகமை ஒரு குறியீடு வைத்திருக்கிறது. 2018-ல் 8.9 சதவீதமாக இருந்தது, 2021 இறுதியில் 62.3 சதவீதத்துக்கு ஏறியது. பாரம்பரியமாகச் செய்ததையே அரசு நிறுத்தச் சொன்னபோது கரைக்காரர்களுக்கு வலித்திருக்கும். நம் ராமேஸ்வரம், நாகை மீனவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் தடைக்காலத்தின் வலி தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு எட்டு வயசுப் பையன் ஸ்கேலை வைத்து மீனை அளந்து "தாத்தா, பத்தாது, விட்டுடு" என்று சொன்னால் அவனுக்கு இதையெல்லாம் தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, 'எங்க அப்பாவை இங்கே கூட்டி வரவே வழியில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. சோனாப்பூரிலும் முசாஃபாவிலும் கேம்ப் அறைகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு வேறு உலகம். அவர்களுக்கு அந்தப் பெரியவரின் பழைய வாழ்க்கை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. கேசட்டுக்குப் பதில் வீடியோ கால், அவ்வளவுதான். லீவு நாளில் கிரீக் ஓரம் தூண்டிலோடு தனியே உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பையனோடு போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். தங்கச்சிமடத்திலிருந்தும் வேளாங்கண்ணியிலிருந்தும் வந்த பையன்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. வலை பின்னிய கை அது. ஊரில் விட்டுவந்த பிள்ளையின் வயசில் ஒருவன் வந்து "அண்ணா, இந்த முடிச்சை எப்படிப் போடணும்?" என்று கேட்டால் சொல்லித் தராமல் இருக்க மாட்டார்கள்.

தாத்தாவுக்கு டிக்கெட் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பெரும்பாலோர் விலை மலிவென்று ஜூனில் வரவழைக்கிறார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் தொழிலாளியைக் கூட வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. அந்த வெயிலில் எழுபது வயசுக்காரரை எங்கே கூட்டிப்போவீர்கள்? நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் கரையில் உட்காரத் தோதான காலம். பள்ளிக் குளிர்கால விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். காலை ஆறரைக்குப் போனால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். தொப்பி, தண்ணீர், தாத்தாவின் பிரஷர் மாத்திரை, முதுகு சாய ஒரு மடக்கு நாற்காலி. பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் கொண்டுவாருங்கள், கடற்பறவைகளின் காலில் மாட்டிக்கொள்ளும்.

மயிலாடுதுறைப் பெரியவர் ஜனவரி கடைசியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். பேரன் இப்போது வீடியோ காலில் "சாப்பிட்டீங்களா"வைத் தாண்டி ஒரு கேள்வி கேட்கிறானாம்: ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், கடைமடைக்கு வர இன்னும் சில நாளாகும். இந்த ஜூலை லீவுக்கு மகன் இப்போதே டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.