தலைமன்னார்: நம்மவர்கள் வந்து இறங்கிய கரை



தலைமன்னார் என்ற பெயரைக் கேட்காத லயம் மலையகத்தில் இருக்காது. ஆனால் அந்த ஊர் எங்கே இருக்கு, எப்படி இருக்கும் என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

மன்னார் மாவட்டத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும் மன்னார்த் தீவின் வடமேற்கு முனைதான் தலைமன்னார். மலையே கிடையாது. மணல், பனைமரம், உப்புக்காற்று. மழை குறைவு. சனத்தொகையும் குறைவு, கடற்றொழில்தான் முக்கிய பிழைப்பு. அங்கிருந்து இராமேஸ்வரம் பக்கமாக மணல் திட்டுக்கள் வரிசையாகப் போகின்றன. அதைத்தான் இராமர் அணை என்கிறோம். அக்கரையில் உள்ள தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். இந்தக் கிட்டத்தினால்தான் இந்தச் சின்ன ஊர் நம் சரித்திரத்தில் பெரிய ஊராகியது.

கோப்பிக் காலத்தில் நம் பூட்டன்மார் தோணியில் வந்து தலைமன்னார், அரிப்பு போன்ற கரைகளில் இறங்கினார்கள். கோச்சி, பஸ் எதுவும் இல்லை. கங்காணியின் பின்னால் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தார்கள். கொலரா, காய்ச்சல், பசி, தண்ணீர் இல்லாமை என்று வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் பாதையும், தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது.

அதே 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்று குடும்பங்கள் பிரிந்தது இந்தத் தலைமன்னார் துறையில்தான். 1984இல் கப்பல் நின்றதும், இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும் போக முடியாமல் பலர் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் இப்படிப்பட்டவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை கிடைக்க வழி பிறந்தது.

யுத்தத்தால் 1990இல் நின்ற ரயில், 2015இல் மறுபடியும் தலைமன்னார் துறை வரை ஓடத் தொடங்கியது. 2023இல், நம்மவர்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் பழைய வழியே நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பாஸ்போர்ட், பிரஜாவுரிமைக் கடிதம், அக்கரையிலிருந்து வந்த கடிதம் ஏதும் இருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பொலித்தீன் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பாட்டன் பாட்டி இருந்தால், எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் யார் அக்கரைக்குப் போனார்கள் என்று கேட்டுப் பிள்ளைகளின் கொப்பியில் எழுத வையுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.